பெண்ணை யாருக்காக வரைகிறார்கள்? (வாசகர் கேள்வி பதில்)

போன மாதம் இந்தப் பக்கத்தில் ஒரு அண்ணன் கேட்டிருந்தார். தன் தங்கை எந்த நேரமும் போனில் சுப்பர் ஹீரோ காமிக்ஸ் வாசிக்கிறாள், அது ஆம்பிளைப் பிள்ளைகளுக்கான சாமான், அவளை எப்படி நிறுத்துவது என்று. நிறுத்த வேண்டாம், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள் என்று இரண்டே வரியில் பதில் போட்டேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் என் மேசையை நிறைத்துவிட்டன. அதனால் இந்த மாதம் சமையல், படிப்பு, பாஸ்போர்ட் சம்பந்தப்பட்ட கேள்விகளை எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, காமிக்ஸில் பெண்களை எப்படிக் காட்டுகிறார்கள், அதை வாசிக்கிற பெண்கள் யார் என்பதை மட்டும் பேசலாம் என்று முடிவெடுத்தேன்.

கேள்வி: அக்கா, போன மாதம் அண்ணன் எழுதிய அந்தத் தங்கை நான்தான். நீங்கள் எனக்காகப் பேசியதற்கு நன்றி. எனக்கு ஒரு சந்தேகம். இந்தக் கதைகளில் பெண்கள் சண்டை போடும்போதுகூட ஏன் இடுப்பை முறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள்?
(தரம் 11 மாணவி, மஸ்கெலியா)

பதில்: மகள், அண்ணன் எழுதியதைப் பார்த்துவிட்டு நீங்களே பேனாவை எடுத்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா.

முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே படத்தில் சேர்த்துக் காட்டிவிட வேண்டும் என்று வரைகிறவர் ஆசைப்படுகிறார், அதுதான் அந்த முறுக்கலுக்குக் காரணம். மனிதருடைய முதுகெலும்பு அப்படி வளையாது. கொட்டகலையில் இருக்கும் என் அக்கா மகள் லீவுக்கு வந்திருந்தபோது ஒரு அட்டைப்படத்தைக் காட்டி, இதுமாதிரி நின்று காட்டு பார்ப்போம் என்றேன். நெட்போல் விளையாடுகிற பிள்ளை, உடம்பு நன்றாக வளையும். ஒரு காலை முன்னே வைத்தாள், இடுப்பை ஒரு பக்கம் தள்ளினாள், தோளை மற்றப் பக்கம் திருப்பினாள், கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தாள். அப்புறம், "சித்தி, இப்படி நின்றால் எப்படி ஒரு ஆளை அடிப்பது? கையை ஓங்கினால் நானே விழுந்திடுவேன்" என்றாள். ஓங்கினாள், விழுந்தும் விட்டாள். அந்தப் படத்தில் இருந்த வீராங்கனை அதே நிலையில் நின்றபடி மூன்று பேரோடு மோதிக்கொண்டிருந்தாள்.

இதை உலகத்தில் பல பேர் கவனித்திருக்கிறார்கள். 2012 கடைசியில் இணையத்தில் வாசகர்கள் ஒரு வேலை செய்தார்கள். மார்வெல் என்ற அமெரிக்கக் கம்பனியின் கதைகளில் வருகிற ஹாக்ஐ என்ற வில்லாளியை, பெண் பாத்திரங்கள் நிற்கிற அதே முறுக்கலோடு, அதே மாதிரி உடுப்போடு வரைந்து போட ஆரம்பித்தார்கள். முரட்டு ஆம்பிளை ஒருவன் இடுப்பை ஒடித்துக்கொண்டு, உதட்டைக் குவித்துக்கொண்டு வில்லைப் பிடித்து நிற்கிறான். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. அதே நிலையில் ஒரு பெண் நிற்கும்போது நாம் ஏன் சிரிக்கவில்லை, அது எப்படிக் கண்ணுக்குப் பழகிப் போனது என்ற யோசனையும் கூடவே வருகிறது. அவர்கள் வரைந்ததும் அதற்காகத்தான்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 2014இல், ஸ்பைடர் வுமன் புதிய தொடரின் முதல் இதழுக்கு இத்தாலிய ஓவியர் மிலோ மனாரா ஒரு மாற்று அட்டை வரைந்தார். அவள் கட்டடத்தின் மேல் விளிம்பில் தவழ்ந்து ஏறுகிறாள், உடம்பில் இருப்பது உடுப்பா வெறும் சாயமா என்று சொல்ல முடியாது, பின்புறம் வானத்தைப் பார்க்கிறது. பெண் வாசகர்களைக் கவர வேண்டும் என்று மார்வெல் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் வந்த அட்டை அது. பெரிய எதிர்ப்பு வந்தது. மனாரா நல்ல ஓவியர், அவர் கைத்திறமையை யாரும் குறை சொல்லவில்லை. எங்களை யோசித்து வரைந்ததா இது என்றுதான் பெண்கள் கேட்டார்கள். உங்கள் கேள்வியும் அதுதான் மகள். தொடர்ந்து கேளுங்கள், வாசிப்பதையும் விட வேண்டாம்.

கேள்வி: நீங்கள் பெண்கள் பக்கமே பேசுகிறீர்கள். ஆண்களையும்தானே அந்தக் கதைகளில் இல்லாத தசையெல்லாம் வைத்து வரைகிறார்கள்? அதற்கு நாங்கள் யாரும் கோபப்படுவதில்லையே.
(வாசகர், பண்டாரவளை)

பதில்: கேட்க வேண்டிய கேள்வி தம்பி. சுப்பர்மேன் மாதிரி நெஞ்சு நம் ஊரில் யாருக்கும் இல்லைதான். ஆனால் அந்த நெஞ்சைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது? நானும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றும். அதற்காகத்தான் அப்படி வரைகிறார்கள். பக்கத்தில் நிற்கிற பெண்ணையும் உங்களை நினைத்துத்தான் வரைகிறார்கள், நீங்கள் பார்த்து ரசிப்பதற்காக. ஆணின் உடம்பும் பெண்ணின் உடம்பும் ஒரே வாசகனுக்குப் பரிமாறிய இரண்டு கறி மாதிரி. பெண் வாசகிக்கு அந்த இலையில் ஒன்றும் விழவில்லை.

உடம்பை விடுங்கள், சக்தியைப் பாருங்கள். 1961இல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் குழுவில் நான்கு பேர். ஒருவர் ரப்பர் மாதிரி நீள்வார், ஒருவர் தீயாக எரிவார், ஒருவர் பாறையாகிவிடுவார். குழுவில் இருந்த ஒரே பெண்ணுக்கு என்ன சக்தி கொடுத்தார்கள்? கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோவது! பெயரும் 'கண்ணுக்குத் தெரியாத சிறுமி' என்ற அர்த்தத்தில். இரண்டு வருடத்துக்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியாத கேடயம் போடுகிற சக்தியைச் சேர்த்தார்கள், இன்றைக்கு அந்தக் குழுவிலேயே பலசாலி அவள் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் பெயரில் இருந்த சிறுமி என்ற சொல் பெண் என்று மாற 1985 வரை போக வேண்டியிருந்தது. அதற்குள் அவள் கல்யாணம் கட்டி, பிள்ளை பெற்று, உலகத்தைப் பல தடவை காப்பாற்றியும் முடித்திருந்தாள்.

கேள்வி: நான் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். மகளுக்கு பதின்மூன்று வயது. அவள் போனில் பார்க்கிற படக்கதைகளில் பொம்பிளைகள் அரைகுறை உடுப்போடு நிற்கிறார்கள். பிள்ளை கெட்டுப்போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. போனைப் பறித்து வைக்கலாமா?
(ஒரு தாய், பொகவந்தலாவை)

பதில்: தங்கச்சி, பறிக்க வேண்டாம். பறித்தால் பிள்ளை அதை ஒளித்து வாசிக்கும், உங்களிடம் ஒன்றும் கேட்காது. எல்லாக் காமிக்ஸும் சின்னப் பிள்ளைகளுக்கு எழுதியது இல்லை என்பது உண்மை. பெரும்பாலும் அட்டையில் எந்த வயதுக்கு என்று சின்னதாகப் போட்டிருக்கும், அதை மகளிடமே காட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு காரியம் செய்து பாருங்கள். வீட்டில் தேயிலை பெக்கட்டோ பழைய கலண்டரோ இருந்தால் எடுத்து மகளுக்குக் காட்டுங்கள். கொழுந்து எடுக்கிற ஒரு பெண் அதில் இருப்பாள். பளபளவென்று சேலை, நெற்றியில் பொட்டு, சிரிப்பு, இரண்டு விரலில் ஒரு கொழுந்தைப் பிடித்துக்கொண்டு நம்மைப் பார்த்தபடி நிற்பாள். அவள் இடுப்பில் சுற்றிக் கட்டின படங்குச் சாக்கு இருக்கிறதா? தலையில் கூடைக்கயிறு அழுத்தின தடம் இருக்கிறதா? காலில் அட்டை கடித்து இரத்தம் வழிகிறதா? நிறுவையில் கிலோ குறைந்துவிடுமே என்ற யோசனை முகத்தில் இருக்கிறதா? நீங்கள் மலையில் நிற்கிற மாதிரி அந்தப் பெண் நிற்கவே மாட்டாள். ஏனென்றால் அந்தப் படத்தை உங்களுக்காக எடுக்கவில்லை. எங்கேயோ தூரத்தில் தேத்தண்ணி குடிக்கிறவர் கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டும் என்று எடுத்தது.

காமிக்ஸில் நிற்கிற பெண்ணும் அப்படித்தான். ஒரு படத்தில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, யார் பார்ப்பதற்காகச் செய்தது என்று கேட்க உங்கள் மகளுக்கு உங்களைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்க யாராலும் முடியாது. நீங்கள் அந்தப் படத்துக்கு உள்ளேயே நின்று வேலை செய்கிறவர். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு பக்கம் வாசியுங்கள். எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: நானும் ஒரு காலத்தில் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் என்றால் உயிரை விட்டவன்தான். எங்கள் காலத்துக் கதைகளில் கதாநாயகிகளே இல்லையே, இரும்புக்கை மாயாவிதானே எல்லாம்?
(ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், தலவாக்கலை)

பதில்: ஐயா, மாயாவியை என்னாலும் மறக்க முடியாது. முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியதே அவரை வைத்துத்தான். ஆனால் கதாநாயகியே இல்லை என்று சொல்லாதீர்கள். லயன் காமிக்ஸ் 1984இல் தன் முதல் இதழை யாரை நம்பி இறக்கியது? மாடஸ்டி பிளைசியை! சிவகாசியில் இருந்து வந்த ஒரு தமிழ் காமிக்ஸ் ஒரு பெண்ணை முன்னே நிறுத்திக் கடைக்கு வந்திருக்கிறது, இதை நினைத்தாலே எனக்குப் பெருமையாக இருக்கும்.

மாடஸ்டி 1963இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் தொடங்கிய படக்கதை. எழுதியவர் பீட்டர் ஓ'டொனல், முதலில் வரைந்தவர் ஜிம் ஹோல்டவே. யுத்தத்தில் அகதியாக அலைந்த ஒரு சிறுமி, தானே தன்னை வளர்த்துக்கொண்டு எழும்பி நிற்கிற கதை. பறக்க மாட்டாள், கண்ணில் நெருப்பு வராது. மூளை, பழக்கம், துணிச்சல், இவ்வளவுதான் அவளிடம் இருப்பது. கூட வருகிற வில்லி கார்வின் அவளுக்குக் காதலன் கிடையாது, அவள் சொல்வதைக் கேட்டு நடக்கிற உயிர்த் தோழன். ஒரு ஆம்பிளை ஒரு பொம்பிளையை இவ்வளவு மதிப்போடு பின்பற்றுவதை நான் முதலில் பார்த்தது அந்தக் கதைகளில்தான். கவர்ச்சியாக வரைந்த இடங்கள் அதிலும் நிறைய உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனாலும் கதையை ஓட்டிக்கொண்டு போகிறவள் அவள்தான்.

கேள்வி: சுப்பர் ஹீரோ கதைகளில் பெண்ணை முதலில் கொண்டுவந்தவர் யார்? அவருடைய நோக்கம் என்ன?
(ஆசிரியை, பதுளை)

பதில்: அவளுக்கு முன்பும் சிலர் இருந்தார்கள், ஆனால் நிலைத்து நின்றவள் வொண்டர் வுமன். 1941இல் வந்தாள். உருவாக்கியவர் வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், வரைந்தவர் எச்.ஜி. பீட்டர். பொய் சொல்கிறவர்களை இரத்த அழுத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று ஆராய்ச்சி செய்தவரும் இதே மார்ஸ்டன்தான், வொண்டர் வுமன் கையில் இருக்கிற கயிறு மாட்டினவரை அவள் சொன்னபடி கேட்க வைக்கும், உண்மையைச் சொல் என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும். பலமும் அன்பும் சேர்ந்த ஒரு பெண்ணைப் பிள்ளைகள் பார்த்து வளர வேண்டும் என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். அதே கதைகளில் அவளைச் சங்கிலியால் கட்டுகிற காட்சிகளும் பக்கத்துக்குப் பக்கம் வரும், அதற்காக அன்றைக்கே அவரோடு சண்டை பிடித்தார்கள். இரண்டும் ஒரே ஆளுடைய கையிலிருந்து வந்தவை, ஒன்றை மட்டும் எடுத்துக் கொண்டாட எனக்கு மனமில்லை.

1942இல் அவளை மற்ற வீரர்களோடு ஒரு சங்கத்தில் சேர்த்தார்கள். அந்தக் கதைகளை எழுதியவர் வேறு ஆள். உலகத்தையே தூக்கக்கூடிய பலம் இருக்கிற அவளுக்கு அங்கே என்ன பதவி தெரியுமா டீச்சர்? செயலாளர். ஆண்கள் யுத்தத்துக்குப் போவார்கள், அவள் இருந்து கடிதம் எழுதுவாள்.

இன்னொரு விஷயம், இது கட்டாயம் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1940களில் வொண்டர் வுமன் கதைகளில் பலதை எழுதியது ஜோய் ஹம்மல் என்ற இளம்பெண். மார்ஸ்டனிடம் உதவியாளராகச் சேர்ந்தவர். புத்தகத்தில் அவர் பெயர் வரவில்லை. பல பத்து வருடங்கள் கழித்து, முதிய வயதில்தான் உலகம் அவரைக் கண்டுபிடித்தது. 2021இல் காலமானார்.

1968இல் வொண்டர் வுமனுடைய சக்தியைப் பறித்து, உடுப்பை மாற்றி, சாதாரணப் பெண்ணாக்கிவிட்டார்கள். 1972இல் அமெரிக்கப் பெண்ணியவாதிகள் தொடங்கிய மிஸ் பத்திரிகை, பழைய உடுப்போடு அவளை அட்டையில் போட்டு இவளை ஜனாதிபதியாக்குங்கள் என்றது. அடுத்த வருடம் சக்தி திரும்பி வந்தது.

கேள்வி: காமிக்ஸ் பற்றிய பேச்சில் 'குளிர்சாதனப் பெட்டிப் பெண்கள்' என்று ஒரு சொல் அடிபடுகிறதே, அது என்ன?
(பல்கலைக்கழக மாணவர், அப்புத்தளை)

பதில்: 1994இல் வந்த, கிரீன் லேன்டர்ன் என்ற சுப்பர் ஹீரோவின் கதை ஒன்றில், கதாநாயகன் வீட்டுக்கு வருகிறான். அவன் காதலியை வில்லன் கொன்று குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்திருக்கிறான். அவள் பெயர் அலெக்ஸ், புகைப்படம் எடுப்பவள், கதைக்குள் வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அவள் எதற்குச் செத்தாள்? அவனுக்குக் கோபம் வருவதற்காக.

1999இல் கெய்ல் சிமோன் என்ற வாசகி உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டார். கதாநாயகனுக்குக் கோபத்தையும் சோகத்தையும் உண்டாக்குவதற்காகக் கொல்லப்பட்ட, ஊனமாக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களை வரிசையாக எழுதிக்கொண்டே போனார். நீளமான பட்டியல். அதற்கு வைத்த பெயர்தான் நீங்கள் கேட்ட சொல். அவர் அப்போது தலைமுடி அலங்காரம் செய்கிற தொழிலில் இருந்தவர். நிறைய வாசித்தவர், வாசித்ததை எண்ணிப் பார்த்தவர். சில வருடத்தில் அதே கம்பனிகள் அவரை எழுதக் கூப்பிட்டன, 2007இல் இருந்து வொண்டர் வுமன் தொடரையே அவர் எழுதினார். குறை சொன்னவரின் கையிலேயே பேனா வந்தது, எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும்.

அந்தப் பட்டியலில் இருந்த ஒருத்தி பார்பரா கோர்டன், பேட்கேர்ள். 1988இல் ஜோக்கர் என்ற வில்லன் அவளைச் சுட்டான், முதுகெலும்பு போனது. கதை முழுக்க அவள் அப்பாவின் வேதனையையும் பேட்மேனின் வேதனையையும்தான் காட்டியது. அதைப் பார்த்து ஆத்திரப்பட்டவர்களில் எழுத்தாளர் கிம் யேல் ஒருவர். அவரும் கணவர் ஜோன் ஓஸ்ட்ரன்டரும் சேர்ந்து அடுத்த வருடமே அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி, கம்பியூட்டர் முன்னால், எல்லா வீரர்களுக்கும் தகவல் திரட்டிக் கொடுக்கிறவளாக, ஒரக்கிள் என்ற புதுப் பெயரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். நடக்க முடியாத ஒரு பெண் இருபது வருடத்துக்கு மேல் அந்த உலகத்தின் மூளையாக இருந்தாள். இயலாமையோடு வாழ்கிற எத்தனையோ வாசகர்களுக்கு அவள் சொந்தக்காரி மாதிரி.

கேள்வி: பெண்கள் சுப்பர் ஹீரோ காமிக்ஸ் வாங்குவதில்லை, அதனால்தான் அவர்களுக்காக யாரும் வரைவதில்லை என்கிறார்கள். வியாபாரம் என்றால் அப்படித்தானே?
(கடை வைத்திருப்பவர், டிக்கோயா)

பதில்: நீங்கள் கடைக்காரர் என்பதால் என் கதை ஒன்றைச் சொல்லியே பதிலைத் தொடங்குகிறேன் அண்ணே.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது டவுனில் ஒரு கடையில் பழைய புத்தகங்களை வாடகைக்குக் கொடுப்பார்கள். சனிக்கிழமை அப்பாவோடு சாமான் வாங்க பஸ்ஸில் வருவோம். கயிற்றில் துணி காயப்போட்ட மாதிரி காமிக்ஸ் தொங்கும். நான் ஒரு மாடஸ்டி கதையை எடுத்துக்கொண்டு காசை நீட்டினேன். கடைக்காரர் புத்தகத்தை வாங்கித் திரும்பக் கயிற்றில் மாட்டிவிட்டு, "இது பையன்மார் வாசிக்கிறது, உனக்கு அந்தப் பக்கம் கோலப் புத்தகம் இருக்கு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த வாரத்தில் இருந்து தம்பியை அனுப்பினேன். அவனுக்குக் கிரிக்கெட்டைத் தவிர வேறு யோசனையே இல்லை, ஒரு பக்கம்கூட வாசிக்க மாட்டான். எழுதிக் கொடுத்த பெயரைக் காட்டிப் புத்தகத்தை வாங்கி வந்து என்னிடம் தருவான், அதற்கு அவனுக்கு ஒரு டொபி. கடைக்காரரின் கொப்பியில் இரண்டு வருடமாக என் தம்பியின் பெயர் இருந்தது. அந்தக் கொப்பியைப் பார்த்து யாராவது கணக்கெடுத்திருந்தால், இந்த டவுனில் பொம்பிளைப் பிள்ளை ஒன்றுகூடக் காமிக்ஸ் வாசிப்பதில்லை என்றுதான் முடிவு வந்திருக்கும்.

அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதுதான் நடந்தது. 1940களில் காமிக்ஸ் பத்து சதத்துக்குப் பத்திரிகைக் கடையிலும் மருந்துக் கடையிலும் கிடைத்தது, யாரும் போய் எடுக்கலாம், ஆணும் பெண்ணுமாக வாசித்தார்கள். 1947இல் ஜோ சைமன், ஜெக் கேர்பி என்ற இரண்டு பேர் காதல் காமிக்ஸ் ஒன்றைத் தொடங்கினார்கள், பெண்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்து மற்றக் கம்பனிகளும் காதல் கதைகளைப் போட்டுத் தள்ளின. கேர்பி வேறு யாருமில்லை, கெப்டன் அமெரிக்காவை உருவாக்கியவர்களில் ஒருவர். 1954இல் காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று பெரிய கூச்சல் எழும்பி, கம்பனிகள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கைச் சட்டம் போட்டுக்கொண்டன. கதைகள் சப்பென்று ஆகின. டெலிவிஷனும் வந்துவிட்டது. விற்பனை இறங்கிக்கொண்டே போனது.

1970களில் காமிக்ஸுக்கு மட்டுமான கடைகள் கிளம்பின. இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பத்திரிகைக் கடைக்காரர் விற்காத இதழைத் திருப்பிக் கொடுக்கலாம். தனிக் கடைக்காரர் கூடுதல் விலைக்கழிவில் வாங்குவார், ஆனால் விற்காவிட்டால் அது அவர் தலையில்தான். அப்போது அவர் என்ன செய்வார்? தெரிந்த முகம் கேட்கிறதை மட்டும் எடுப்பார். தெரிந்த முகம் எல்லாம் ஆண்கள். கடைக்காரரை நான் குறை சொல்ல மாட்டேன், உங்களுக்கும் கடன் கொப்பியின் பாரம் தெரியும். ஆனால் கம்பனிகள் அந்தக் கடைகளின் ஓடரை மட்டும் பார்த்து, ஓ, வாசிக்கிறவர்கள் இவர்கள்தான் என்று எடுத்துக்கொண்டன. அவர்களுக்குப் பிடிக்கும் என்று பெண்களை இன்னும் முறுக்கி வரைந்தார்கள். அந்தப் படங்கள் சுவரெல்லாம் ஒட்டிய கடைக்குள் ஒரு பதினான்கு வயதுப் பிள்ளை கால் வைக்குமா? வைக்கவில்லை. பார்த்தீர்களா, பெண்கள் வாங்குவதில்லை என்றார்கள்.

பெண்களுக்குப் படக்கதை பிடிக்காது என்பது பொய் என்று ஜப்பான் காட்டியது. அங்கே சிறுமிகளுக்கென்றே தனிப் படக்கதை இதழ்கள் பல பத்து வருடங்களாக வருகின்றன, எழுதுகிறவர்களில் வரைகிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். 1990களில் நஒகோ தகேயுச்சி வரைந்த செய்லர் மூன், பாடசாலைச் சிறுமிகளே சேர்ந்து சண்டை போடுகிற கதை. மாங்கா என்று சொல்கிற இந்த ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்கள் மொழிபெயர்ந்து அமெரிக்காவின் சாதாரணப் புத்தகக் கடைகளுக்கு வந்தபோது, பிள்ளைகள் தட்டுகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து வாசித்தார்கள். 2010இல் ரெய்னா டெல்கெமையர் தன் பல் உடைந்த கதையைப் படக்கதையாக எழுதினார், சிறுமிகள் இலட்சக்கணக்கில் வாசித்தார்கள். எந்தக் கதவு திறந்திருந்ததோ அதன் வழியாக வந்துவிட்டார்கள் அண்ணே.

அப்புறம் கமலா கான். 2014இல் மிஸ் மார்வெல் என்ற பெயரில் தனித் தொடர். நியூ ஜேர்சியில் வாழ்கிற பாகிஸ்தானியக் குடும்பத்துப் பதினாறு வயதுப் பிள்ளை. எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், ஆசிரியர் குழுவில் சனா அமானத், இரண்டு பேரும் முஸ்லிம் பெண்கள். வரைந்தவர் ஏட்ரியன் அல்போனா. கமலாவுக்குச் சக்தி வந்ததும் முதலில் தான் ஆசைப்பட்ட வீராங்கனையாகவே உருமாறிவிடுகிறாள், தங்கநிற முடி, நீளச் சப்பாத்து, தொடை தெரிகிற உடுப்பு. போட்டுப் பார்த்தால் சப்பாத்து கடிக்கிறது, உடுப்பு எங்கெங்கோ ஏறுகிறது, முடி முகத்தில் விழுகிறது. அந்த உடுப்பைப் பற்றி வெளியே நின்று பெண்கள் சொன்னதை எல்லாம் அந்தப் பிள்ளை கதைக்கு உள்ளேயே நின்று சொல்லிவிட்டாள். பிறகு நீந்தப் போடும் முழு உடுப்பு ஒன்றை வெட்டித் தைத்துத் தன் உடுப்பைத் தானே செய்கிறாள். அம்மா திட்டுகிறார், அப்பா பயப்படுகிறார், பள்ளிவாசலில் கேள்வி கேட்கிறாள். முதல் தொகுப்புக்கு 2015இல், அறிவியல் புனைகதைகளுக்கும் கற்பனைக் கதைகளுக்கும் கொடுக்கிற ஹியூகோ விருது கிடைத்தது. திரும்பத் திரும்ப அச்சடிக்க வேண்டி வந்தது.

உங்கள் கடையில் பத்திரிகை வைக்கிற கம்பியில், கீழ்த் தட்டில், சின்னப் பிள்ளைகளின் கை எட்டுகிற உயரத்தில் இரண்டு படக்கதைப் புத்தகம் தொங்கவிட்டுப் பாருங்கள். யார் எடுக்கிறார்கள் என்று மட்டும் எழுதிவையுங்கள்.

கேள்வி: ஒன்றுமே வாசித்ததில்லை. எதில் தொடங்குவது?
(இல்லத்தரசி, புசல்லாவை)

பதில்: ஆங்கிலம் வாசிக்க வருமென்றால் மிஸ் மார்வெல் முதல் தொகுப்பு. தமிழில்தான் வேண்டுமென்றால் பழைய மாடஸ்டி.

கேள்வி: அக்கா, நானே ஒரு சுப்பர் ஹீரோயினை வரைந்து அனுப்பியிருக்கிறேன். அவள் கொழுந்து எடுக்கிற அம்மா, இராத்திரியில் பறப்பாள். படம் நன்றாக இருக்கிறதா? நமது மலையகத்தில் உண்மையாகவே ஒரு ஹீரோயின் இருந்தாரா?
(தரம் 8 மாணவி, ராகலை)

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்கிறேன் மகள். இருந்தார். மீனாட்சியம்மாள். தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் துணைவியார். 1930களிலும் 40களிலும் தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளர் படுகிற பாட்டைத் தானே பாட்டாகக் கட்டி, கூட்டங்களில் நின்று பாடினவர். கூட்டத்துக்கு வராத ஆட்களையும் பாட்டு இழுத்து வந்தது. அவரை வைத்து யாராவது ஒரு படக்கதை வரைய மாட்டார்களா என்று எனக்குப் பல நாள் ஆசை.

உங்கள் படம் இப்போது என் முன்னால் இருக்கிறது. கம்பளியைத் தோளில் போட்டு, அதையே பறக்கிற சால்வையாக்கியிருக்கிறீர்கள். இந்த யோசனை அமெரிக்காவில் யாருக்கும் வந்திருக்காது, ஏனென்றால் மழையில் கம்பளி போட்டுக்கொண்டு மலைக்குப் போகிற அம்மாவை அவர்கள் பார்த்ததில்லை. கூடை காற்றில் சாய்ந்திருப்பது, கைவிரல் நுனியில் கொழுந்துக் கறை, எல்லாம் அழகு. இரண்டு திருத்தம் மட்டும். இடுப்பை உங்கள் மணிக்கட்டு அளவுக்கு ஒடுக்கிவிட்டீர்கள், படங்குக்கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்ட அதில் இடமில்லை. அப்புறம் காலில் உயர்ந்த குதிச் செருப்பு போட்டிருக்கிறீர்கள். பறந்து வந்து எங்கே இறங்கப் போகிறாள்? கவ்வாத்து வெட்டின மலையில், குச்சி குச்சியாக நிற்கிற தேயிலைக்கு நடுவில். மழை பெய்த மறுநாள் அந்தச் சரிவில் இறங்கும்போது எந்தக் காலை முதலில் வைப்பது, குதிகாலை ஊன்றுவதா விரலை ஊன்றுவதா என்று அம்மாவிடம் கேளுங்கள், முடிந்தால் நடந்து காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்து அந்தக் காலைத் திரும்ப வரைந்து அனுப்புங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தில் பாதியை உங்கள் படத்துக்கு விட்டுவைத்திருக்கிறேன், பத்தாம் திகதிக்குள் கிடைத்தால் போதும்.